என் கையெழுத்தில் பதினெட்டு வீதம்

என் கையெழுத்து அழகாக இருக்கும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் திகதி எழுத என்னைத்தான் கூப்பிடுவார்கள். பலாங்கொடை பஸாரில் சுந்தரலிங்கம் முதலாளியின் ஹாட்வெயார் கடையில் எனக்கு வேலை கிடைத்ததும் அந்தக் கையெழுத்தால்தான். விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "யாரும்மா எழுதுனது?" என்று கேட்டார். "நான்தாங்க" என்றேன். "அப்ப நாளையில இருந்து பில்லு மேச ஒன்னோடது" என்றார். இது ஆறு வருஷத்துக்கு முந்திய கதை. அந்தக் கையெழுத்தை வைத்தே அவர் என் கழுத்தை அறுப்பார் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால், சொன்னவர் வாயைக் கிழித்திருப்பேன்.

அவரைப் பற்றி நல்லதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று உங்களுக்கு விளங்காது. என் மகளுக்கு டெங்கு வந்து கிடந்தபோது கடை வேனை அனுப்பி இரத்தினபுரிக்குக் கொண்டுபோக வைத்தவர் அவர். "சுகந்தினி, லீவு கணக்குப் பாக்காத, புள்ளையப் பாரு" என்றார். பஸாரில் மூன்று தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். நெற்றியில் விபூதி, வாயில் பிசிறில்லாத சிங்களம். எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் தரைக்கு டைல்ஸ் போட்டுக் கொடுத்தவரும் அவர்தான். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தியைக் காசு மேசையில் உட்கார வைத்த கடை அந்த பஸாரில் அவருடையது மட்டும்தான். நான் அவரைக் கும்பிடாத குறை.

இரண்டாயிரத்து இருபத்து நாலு ஜனவரியில் வற் என்கிற பெறுமதி சேர் வரி பதினெட்டு வீதமாக ஏறியது. அந்த வாரமே முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"இனிமே தோட்டத்து ஆளுங்க பில்லுல கடைசி வரியில வற் பதினெட்டு வீதம்னு போடும்மா. கவர்மெண்டு சட்டம்."

"டவுன் ஆளுங்களுக்குங்க?"

"அவங்களுக்கு வெலையிலயே சேத்துச் சொல்லிர்றேன். அந்தப் பில்ல வேற புத்தகத்துல நானே எழுதிக்கிறேன். நம்ம ஆளுங்களுக்குத் தனியா எழுதிக் காட்டணும். ஒளிச்சு மறைச்சு வாங்கக் கூடாது பாரு. நீ எழுதுனா நம்புவாங்க."

எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. எவ்வளவு நேர்மையான மனிதர் என்று அன்று வீட்டுக்குப் போய் என் புருஷனிடம் சொன்னேன். அவர் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டே, "ம்" என்றார். அந்த "ம்"முக்கு நான் கோபப்பட்டேன்.

தோட்டத்து ஆட்கள் சும்மா கொடுப்பார்களா? வாளி வாங்க வந்தவர், பெயின்ட் வாங்க வந்தவர், எல்லோரும் என் மேசைக்கு முன்னால் நின்று சண்டைதான். நான் உயர்தரத்தில் வர்த்தகம் படித்தவள், பொருளியலில் பி எடுத்தவள். ஆகவே ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினேன். நம் நாட்டில் நடப்பது கலப்புப் பொருளாதாரம். கடை முதலாளியுடையது, ஆனால் கடைக்கு முன்னால் ஓடுகிற ரோடு எல்லோருடையது. முதலாளி லாபத்துக்காக ரோடு போட மாட்டார். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கிளினிக்கில் கொடுக்கிற மாத்திரை, எல்லாம் நாம் ஒரு சவர்க்காரத்துக்கும் ஒரு ஆணிக்கும் கொடுக்கிற வரியிலிருந்து வருகிறது. இரண்டாயிரத்து இருபத்திரண்டில் பெட்ரோல் இல்லாமல், காஸ் இல்லாமல், பனடோல் இல்லாமல் கிடந்தோமே, கஜானா காலி. அதற்கு முந்தி வரியைக் குறைத்து வைத்திருந்தார்கள், அதுதான். இப்படிச் சொல்லுவேன். கேட்டவர்கள் பாதி புரிந்தும் பாதி என் முகத்துக்காகவும் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

அந்த வருஷம் ஐப்பசிக் காற்றில் எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவுக்குக் கூரை போய்விட்டது. அது இருளாயி அக்காவின் வீடு. தனி ஆள். புருஷன் முனியாண்டி அந்த இருபத்திரண்டாம் வருஷத்தில் செத்துப்போனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் போட்டார்கள்; ஊசி மருந்து இல்லை, வெளியே வாங்கி வாருங்கள் என்று துண்டு எழுதிக் கொடுத்தார்கள். அக்கா அந்தத் துண்டைப் பிடித்துக்கொண்டு ஐந்து பார்மசி ஏறி இறங்கினாள். எங்கும் இல்லை. மூன்றாம் நாள் ஆள் போய்விட்டார். சவப்பெட்டி வாங்கிய கடையில் எல்லாம் இருந்தது என்று அக்கா சொல்லுவாள்.

சீட்டெடுத்த காசு இருபத்தாறாயிரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கடைக்கு வந்தாள்.

"பத்து தகரம் எம்புட்டு தங்கச்சி?"

"ஒண்ணு ரெண்டாயிரத்து ஐந்நூறுக்கா. பத்துக்கு இருபத்தஞ்சாயிரம். அதோட வற் நாலாயிரத்து ஐந்நூறு."

"அது யாருக்கு?"

"கவர்மெண்டுக்கு."

"கவர்மெண்டா வந்து எனக்குத் தகரம் தூக்கிக் குடுக்குது?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வழக்கமான பாடத்தை ஆரம்பித்தேன். ரோடு, பள்ளிக்கூடம் என்று வந்து, நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அன்னைக்கு எல்லாரும் ஒழுங்கா வரி கட்டியிருந்தா அண்ணனுக்கு அந்த ஊசி இருந்திருக்கும்க்கா" என்று சொல்லிவிட்டேன்.

அக்கா சிரிப்பை நிறுத்தினாள்.

"நெசமாவா? இது மருந்துக்குப் போவுமா?"

"மருந்துக்குந்தான் போவும்."

தகர அடுக்கை விரலால் எண்ணிப் பார்த்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "அப்ப எட்டு போடு. அவருக்குக் கெடைக்காதது வேற யாருக்காவது கெடைக்கட்டும்" என்றாள்.

எட்டுத் தகரம் இருபதாயிரம். வற் மூவாயிரத்து அறுநூறு. என் அழகான கையெழுத்தில் எழுதி, கிழித்துக் கொடுத்தேன். மலையில் மூன்று நாள் கொழுந்து பறித்தால் வருகிற காசு அது. பத்துத் தகரம் வேண்டிய கூரையில் எட்டு ஏறியது. மிச்ச இடத்தில் உரப் பையை வெட்டித் தைத்துக் கட்டினாள். அந்தப் பைக்கு நேர் கீழேதான் அவள் அடுப்பு. மழை பெய்த நாட்களில் அடுப்பைத் தூக்கி முன்பக்க இஸ்தோப்புத் திண்ணைக்குக் கொண்டுவந்து சமைத்தாள். அந்த வழியாக நான் போகும்போதெல்லாம், "கவர்மெண்டு வருது, வழி விடுங்க" என்று கேலி செய்வாள். நானும் சிரிப்பேன்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கடதாசி என்று கைக்கு வந்த எதையும் எறிய மாட்டார்கள். ஒரு காலத்தில் துண்டுக் கடதாசி ஒன்றைக் காட்ட முடியாமல் பிரஜாவுரிமை போய், இந்தியாவுக்குக் கப்பலேறினவர்கள் போக மிச்சம் நாங்கள். அதனால் சம்பளத் துண்டு, கிளினிக் அட்டை, பஸ் டிக்கட் வரை எல்லாம் ஒரு பையில் இருக்கும். வீடு பற்றி எரிந்தாலும் முதலில் வெளியே வருவது அந்தப் பைதான். இருளாயி அக்காவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தக் கடதாசி எது என்று மடிப்பைப் பார்த்தே சொல்லுவாள். நான் எழுதிய பில்லும் அந்தப் பைக்குள் போயிற்று.

அடுத்த ஜனவரியில் முதலாளி மாலை போட்டுச் சபரிமலைக்குப் போனார். கடை என் பொறுப்பு. அந்த நேரம் பார்த்து எங்கள் பள்ளிக்கூட அதிபர் கிருஷ்ணகுமார் சேர் வந்தார். மலசலகூடம் திருத்த அரசாங்கத்திலிருந்து காசு வந்திருக்கிறது, குழாயும் சீமெந்தும் வேண்டும் என்றார். பள்ளிக்கூடம், அரசாங்கம் மாதிரிப் பில்களையெல்லாம் முதலாளிதான் எழுதுவார். அவர் இல்லை. நானே எழுதினேன். வழக்கம்போலக் கடைசி வரியில் வற் பதினெட்டு வீதம். எழுதி முடித்து, நான் படித்த பள்ளிக்கூடத்துக்கு நானே பில் போட்டேன் என்று பெருமையாக இருந்தது.

மார்ச் மாதம் சேர் அதே பில்லோடு திரும்பி வந்தார். முதலாளி வங்கிக்குப் போயிருந்தார்.

"கல்வி அலுவலகத்துல இருந்து பில்லைத் திருப்பிட்டாங்க சுகந்தினி. வற் பதிவு இலக்கம் எங்கன்னு கேக்கிறாங்க."

"இலக்கமா? அது மொதலாளிகிட்ட இருக்கும் சேர்."

"அவங்களும் தேடிப் பாத்திருக்காங்க. பதிவுல இந்தக் கடையே இல்லையாம்."

"அப்படின்னா?"

சேர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பதியாத கடை வற் வாங்கக் கூடாது. வாங்கினா அது கவர்மெண்டுக்குப் போக வழியே இல்லை. அதுக்கு வரின்னு பேர் இல்லம்மா."

அவர் போன பிறகு நான் பில் புத்தகத்தைத் திறந்தேன். கார்பன் பிரதிகள். வாளிக்கு வற். ஆணிக்கு வற். தொட்டில் கட்டக் கயிறு வாங்கியவருக்கு வற். பதினைந்து மாதம். எல்லாவற்றிலும் அதே வட்ட வட்டமான எழுத்து. அப்போதும்கூட என் புத்தி முதலாளிக்குத்தான் வக்காலத்து வாங்கியது. ஏதாவது தவறு நடந்திருக்கும், அவர் வந்தால் இலக்கத்தை எடுத்துக் காட்டுவார் என்றுதான் நினைத்தேன்.

வந்தார். பில்லை நீட்டினேன். வாங்கிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"யாரு ஒன்னய இந்தப் பில்லுல வற் போடச் சொன்னது?"

அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அப்ப நம்ம கடை பதியலீங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம வியாபாரம் அந்த அளவுக்கு இல்ல. பதியத் தேவையில்ல."

"தேவையில்லைன்னா வாங்கவும் கூடாதுங்களே."

"கொழும்புல நான் சாமான் எடுக்கிறப்ப எனக்கு வற் போட்டுத்தானே தர்றான்? அத நான் எங்க போயி எடுக்கிறது?"

"அதையும் சேத்துத்தானேங்க வெலை வச்சிருக்கோம். வெலை அட்டை எழுதுறது நான்தானே. அந்த வற் வெலைக்குள்ள இருக்கு. இது அதுக்கு மேல."

அவருக்கு முகம் கறுத்தது. ஆனால் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு என் முன்னால் உட்கார்ந்தார். பிள்ளைக்குச் சொல்லுவது போலச் சொன்னார்.

"சரி, வாங்கினேன். அந்தக் காச என்ன செஞ்சேன்? ஒங்க கோயிலுக்கு டைல்ஸ் போட்டது யாரு? திருவிழாவுக்கு அன்னதானம் யாரு? ஒன் மகளுக்கு வேன் அனுப்புனது யாரு? கவர்மெண்டுக்குக் கட்டியிருந்தா அதுல ஒரு சல்லி ஒங்க லயத்துப் பக்கம் வந்திருக்குமா, சொல்லு பாப்பம். நடுவுல இருக்கிறவன் தின்னுருவான். நான் நேராக் குடுக்கிறேன்."

உண்மையைச் சொன்னால், அவர் சொன்னது எனக்கும் சரியாகத்தான் பட்டது. லயத்துப் பக்கம் எதுவும் வருவதில்லை என்பது எனக்குத் தெரியாததா? அந்த வேன் மட்டும் வராதிருந்தால் என் மகள் என்ன ஆகியிருப்பாள்? அப்போதுதான் இருளாயி அக்கா முந்தானையை அவிழ்த்தது கண்முன்னால் வந்தது.

"வரியாப் போனா நாங்க கேக்கலாங்க" என்றேன். எனக்கே என் குரல் அந்நியமாக இருந்தது. "மருந்து இல்லைன்னா ஆஸ்பத்திரியில நின்னு சண்டை போடலாம், எங்க காசுன்னு சொல்லலாம். நீங்க குடுத்தா கும்பிடத்தான் முடியும். எங்க காச வாங்கி எங்களுக்கே குடுத்து எங்களையே கும்பிட வச்சிட்டீங்களே. இருளாயி அக்கா மருந்துக்குப் போகுதுன்னு நம்பி ரெண்டு தகரம் கொறச்சு வாங்கினாங்க. நான் சொல்லி நம்பினாங்க."

கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தானாம் என்று பழமொழி சொல்லுவார்கள். இங்கே கடைக்காரனே எங்கள் தேங்காயை எடுத்து எங்கள் அம்மனுக்கே உடைத்திருக்கிறான். முதல் மரியாதையும் அவனுக்குத்தான்.

"இதப் போயி ஆபீசுல சொல்லப் போறியா?"

"சொன்னா என்னங்க?"

அவர் பில் புத்தகத்தை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு விரலால் பக்கங்களைத் தள்ளினார். "இதுல என் எழுத்து எங்கயாவது இருக்கா பாரு. கையெழுத்து? ஒண்ணாவது? எனக்குத் தெரியாம பில்லு மேசையில இருக்கிற புள்ள வற் வாங்கியிருக்குன்னு நான் சொன்னா, சுகந்தினி, யாரு பேச்சு எடுபடும்?" அதையும் அவர் மெதுவாகத்தான் சொன்னார். பிறகு எழுந்து, "மனசுல ஒண்ணும் வச்சுக்காத. நாளைக்கு வா" என்றுவிட்டு, சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தப் போனார்.

நீ எழுதுனா நம்புவாங்க. அந்தச் சொல் எனக்குப் பட்டம் என்று நினைத்திருந்தேன். தூண்டிலில் புழு மாதிரி என்னைக் குத்தி வைத்திருக்கிறார். அன்று பஸ்ஸில் வரும்போது அழுதேன். பக்கத்து சீட்டுச் சிங்கள அம்மா, "ஐ துவே?" என்று கேட்டார், ஏன் மகளே என்று. பல்வலி என்றேன்.

நேரே தோட்டத் தலைவர் வேலுசாமி வீட்டுக்குப் போனேன். அவர்தான் கோயில் கமிட்டிக்கும் தலைவர். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்று முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"அரசல் புரசலாத் தெரியும்" என்றார்.

"தெரியுமா?"

"திருவிழாவுக்குப் பன்னெண்டு நாள் இருக்கு. மேளம், அன்னதானம், லைட்டு எல்லாம் அவரு உபயம். இப்ப வாயத் தொறந்தேன்னா தலைக்கட்டு வரி வீட்டுக்கு ரெண்டாயிரம் கூடும். யாரு கட்டுறது, ஒங்கப்பனா? திருவிழா முடியட்டும். அப்புறம் பேசுவோம்."

நான் சரி என்றேன். இதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதலாளி ஏமாற்றினார், தலைவர் மூடி மறைத்தார். நான் சரி என்றேன். அந்தப் பன்னிரண்டு நாளும் கடைக்குப் போனேன். மூன்று பில்லில் வற் எழுதினேன். மகளின் டியூஷன் காசு, வேலை போனால் இந்தக் கையெழுத்தை வேறு யார் வாங்குவார்கள், இப்படி எனக்கு நானே ஆயிரம் காரணம் சொன்னேன். காரணத்துக்கா பஞ்சம்?

திருவிழா அன்று பகல் பூஜை முடிந்ததும் மைக்கில் தலைவர் பேசினார். தலைக்கட்டு வரி கட்டிய வீடுகளின் பெயரை வாசித்தார். இருளாயி பெயரும் வந்தது. கடைசியாக உபயகாரருக்கு முதல் மரியாதை என்றார். பூசாரி முதலாளியின் தலையில் பரிவட்டம் கட்டினார். கை தட்டினார்கள். அவர் நின்ற இடத்தில் டைல்ஸ் பளபளவென்று இருந்தது. நான் பெண்கள் பக்கம் தூணோடு ஒட்டி நின்றேன்.

முதலாளி மைக்கை வாங்கினார்.

"நம்ம கடையில வேல செய்யிற சுகந்தினி ஒரு விசயம் சொல்லிச்சு. இந்தத் தோட்டத்துல ஒரு அம்மா ரெண்டு தகரம் இல்லாம மழையில நனையிறாங்களாம். கேட்டு எனக்கு மனசு தாங்கல. இருளாயி அம்மா, வாங்க."

ஓட்டோவிலிருந்து புதுத் தகரம் இரண்டை இறக்கினார்கள். நான் கோபத்தில் கக்கிய சொல்லை எடுத்துத் துடைத்து, எனக்கே மாலையாகப் போட்டார் அந்த மனிதர். இருளாயி அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். அவள் யாருக்கும் லேசில் தலை குனிகிறவள் இல்லை. கணக்கப்பிள்ளையோடு கொழுந்து நிறுவையில் நின்று வாதாடுகிறவள். அவள் இரண்டு கையையும் கூப்பி, இடுப்பு வளைய அவரைக் கும்பிட்டாள். போட்டோ எடுத்தார்கள்.

திரும்பி வந்தவள் நேரே என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது. என் கன்னத்தைத் தடவி, "நீ சொல்லித்தானே குடுத்தாரு. நீ நல்லா இருப்ப தங்கச்சி" என்றாள். அவள் கை முழுக்கக் கொழுந்துக் கறை. எனக்கு அந்த டைல்ஸ் பிளந்து உள்ளே போய்விட வேண்டும் போல் இருந்தது.

அன்று நான் அன்னதானப் பந்தியில் உட்காரவில்லை. மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். தகரம் இரண்டும் சுவரில் சாத்தியிருந்தது. ஆணி வாங்கக் காசு வரட்டும் என்று வைத்திருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். பதிவு இல்லாததை, அந்தக் காசு மருந்துக்குப் போகாததை, தலைவருக்குத் தெரிந்திருந்ததை, நான் பன்னிரண்டு நாள் வாயை மூடியிருந்ததை. இரத்தினபுரி வரி அலுவலகத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், அதற்கு அவளுடைய பில் வேண்டும் என்றும் சொன்னேன்.

அக்கா கடைசி வரை கேட்டாள். உள்ளே போய்ப் பையைக் கொண்டுவந்தாள். சரியான மடிப்பை ஒரே தடவையில் எடுத்தாள். விரித்தபோது உள்ளே இன்னொரு துண்டு இருந்தது. முனியாண்டி அண்ணனுக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த ஊசிச் சீட்டு. பில்லையும் அதையும் ஒன்றாக வைத்து மடித்திருந்தாள்.

"இது மொதலாளி எழுத்தா?"

"இல்லக்கா."

"யாரு எழுத்து?"

"என்னோடது."

"ஊசி இருந்திருக்கும்னு சொன்னது?"

"நான்தான்."

"நேத்து நான் கும்புட்டப்ப ஒனக்குத் தெரியும்."

"தெரியும்க்கா."

நான் கையை நீட்டினேன். அவள் பில்லைத் தரவில்லை. பழைய மடிப்பிலேயே மடித்தாள். ஊசிச் சீட்டைத் தனியாக எடுத்துப் பையின் அடியில் வைத்தாள். பில்லை மேலே வைத்து, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள்.

"இது எங்கிட்டயே இருக்கட்டும். நானே கொண்டுபோயிக் குடுக்கிறேன். எந்த பஸ்ல போவணும்னு மட்டும் சொல்லு."

"நான் கூட்டிட்டுப் போறேன்க்கா."

"நீ வரத்தான் வேணும். இது ஒன் எழுத்துன்னு அங்க நீதானே சொல்லணும்."

தகரத்தை என்ன செய்யப் போகிறாள் என்று நான் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் வீட்டைத் தாண்டி பஸ்ஸுக்கு வரும்போது பார்த்தேன். இரண்டு தகரமும் முதலாளியின் ஓட்டோ வந்து நின்ற அந்த ரோட்டோரத்தில், கோயில் மதிலில் சாத்திக் கிடந்தன. கூரையில் உரப் பை அப்படியே இருந்தது.

பலாங்கொடையில் இரத்தினபுரி பஸ் பாதி காலியாகத்தான் கிடந்தது. நான் ஏறி இரண்டு பேர் சீட்டில் ஜன்னலோரமாக நகர்ந்து இடம் விட்டேன். இருளாயி அக்கா ஏறினாள். என் கையில் இரண்டு பேருக்குமான டிக்கட் காசு இருந்ததைப் பார்த்தாள். தன் காசைத் தானே எடுத்துக் கண்டக்டரிடம் கொடுத்து, டிக்கட்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெல்மதுளை தாண்டியது. இரத்தினபுரி வந்தது. அதுவரைக்கும் அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.